பின்கதவடியில் காத்திருப்பு

2008 இல் கனடாவுக்கு வந்தேன். முதல் ஆறு வின்டரும் ஐஸ் ஹொக்கிப் பக்கம் நான் திரும்பியும் பார்க்கவில்லை. இழுத்துவிட்டது மகள்தான். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த ஒற்றை ஹொக்கி அட்டையில், ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டையில், தொடங்கிய வில்லங்கம்.

டொரொன்டோவின் பெரிய அணியான மேப்பிள் லீவ்ஸின் ஆட்டம் பார்க்க என் சம்பளம் காணாது. அதனால் ஸ்கார்பரோவிலிருந்து 401 இல் ஏறி ஒஷாவாவுக்குப் போகத் தொடங்கினோம். அங்கேயுள்ள ஜெனரல்ஸ் அணியில் ஆடுகிறவர்கள் 16 முதல் 20 வயதுப் பெடியள். பிறகு பெரிய நட்சத்திரங்களான பொபி ஓர், எரிக் லிண்ட்ரோஸ், ஜோன் டவாரெஸ் எல்லாம் இங்கே ஆடிப் போனவர்கள்தான்.

ஆட்டம் முடிந்தால், அட்டையில் கையெழுத்து வாங்கப் பின்கதவடியில் நிற்போம். பெடியள் கோட்டும் டையும் போட்டு, தலை ஈரம் காயாமல், கையில் பீட்சாவோடு வருவாங்கள். பலர் ஊரைவிட்டு வந்து முன்பின் தெரியாத குடும்பங்களோடு தங்கி விளையாடுகிறவர்கள். நானும் 16 வயதில் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் நின்று படித்தவன். இரண்டாம் தரம் சோறு கேட்கக் கூச்சப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது. அதனாலோ என்னவோ, அந்தக் குளிரில் நிற்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

முதல் நாளே பிழையாய்ப் போனது. மினுங்கும் அட்டையில் மார்க்கர் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு, மகளின் கட்டைவிரலோடு போய்விட்டது. அழுகை. பக்கத்தில் நின்ற கிழவர்தான் சொல்லித் தந்தார்: கையெழுத்து விழும் இடத்தை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து மினுக்கத்தை எடுக்கவேண்டும், மார்க்கரை ஜக்கெற்றுக்குள் சூடாக வைத்திருக்கவேண்டும். ஒரே ஆளின் ஐந்து அட்டையை நீட்டுகிற வியாபாரிகளும் அங்கே நிற்பார்கள். அவர்கள் பெயர் எழுதுவிக்கமாட்டார்கள்; பெயர் இருந்தால் விலை போகாது. மகளோ தன் பெயரையும் எழுதச் சொல்லித்தான் கேட்பாள். எங்கட நீளப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதுவதற்குள் பெடியனுக்குக் கை விறைத்துவிடும்.

2015 மே மாதம், லீக் இறுதிச்சுற்றுக்கு ஏரி ஒட்டர்ஸ் அணி வந்தது. அப்பவே எல்லாரும் பேசிய இளம் நட்சத்திரம் கொனர் மக்டேவிட்டின் அணி. அவ்வளவு சனமும் எதிரணி பஸ்ஸடியில். நாங்களும் ஓடினோம்.

"அப்பா, எங்கட ஆட்கள் அங்கால போறாங்கள்."

"அவங்களை எப்பவும் பார்க்கலாம், நீ இதில நில்லு."

மக்டேவிட்டை நெருங்கவே முடியவில்லை. ஜெனரல்ஸ் தொடரை வென்றது. அதே மாத முடிவில், இந்த வயதுப் பெடியளின் பெரிய கோப்பையான மெமோரியல் கோப்பை இறுதியாட்டம். கூடுதல் நேரத்தில் 2-1, ஜெனரல்ஸுக்கு வெற்றி. இரண்டு கோலும் எங்கட அந்தனி சிரெல்லி. லீக்கின் வருடாந்தத் தேர்வில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட பெடியன்.

மகள் அல்பத்தை இரண்டு தரம் புரட்டினாள். அவன் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அவன் பிறகு தம்பா பே அணிக்குப் போய் 2020, 2021 இரண்டு வருடமும் ஹொக்கியின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினான். அதற்கு முன்னம், அடுத்த சீசனில், நேரத்தோடு போய் எங்கட கதவடியில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேர். ஐந்து அட்டைக்காரரும் அதில்.