பேனர் மங்கலா இருக்காம்

"எழுத்தைச் சுத்தி அழுக்கு மாதிரி தெரியுது" என்று கிளையன்ட் திருப்பித் திருப்பி அனுப்பிய இணைய விளம்பர பேனர் செட் நேற்றுதான் ஒருவழியாக ஓகே ஆனது. கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே வேலையில் மாட்டியிருக்கும் யாருக்காவது உதவும்.

300×250, 728×90, 320×50 பிக்சல் என்று வழக்கமான அளவுகள்தான். டிசைன் முதல் பார்வையிலேயே பாஸ். அடர்நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து, அது அவர்கள் பிராண்ட் கலர், மாற்றக் கூடாது. விளம்பரத் தளம் ஒரு ஃபைலுக்கு 150 கேபிக்கு மேல் வாங்காது. அதனால் 'எல்லாமே ஜேபெக்கில்தான் (ஃபோட்டோக்களுக்கு வழக்கமான, ஃபைலைச் சின்னதாக்கும் பட ஃபார்மட்) வேண்டும்' என்று நடுவிலிருந்த ஏஜென்சிக்காரர் பிடிவாதம் பிடித்தார், வினையே அங்கேதான்.

ஜேபெக் வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் குறைத்துச் சேமிக்கும். பெரும்பாலான கருவிகளில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்ற கணக்கு. ஃபோட்டோவில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் நீலத்தின் மேல் சின்னச் சிவப்பு எழுத்து என்றால் ஓரமெல்லாம் கசிந்துவிடும். தமிழ் எழுத்தாக இருந்தால் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். போட்டோஷாப்பின் 'சேவ் ஃபார் வெப்'பில் குவாலிட்டியை 50-க்கு மேல் வைத்தால் இந்த நிறக் குறைப்பு நடக்காது. மற்ற கருவிகளில் 'குரோமா சப்சாம்ப்ளிங்' என்று தனியாக இருக்கும், அதை 4:4:4 (நிறத்தைக் குறைக்காத அமைப்பு) ஆக்குங்கள். ஃபோட்டோ வரும் 300×250-ஐ இப்படித்தான் காப்பாற்றினேன்.

மற்ற இரண்டிலும் வெறும் எழுத்தும் லோகோவும்தான், அதற்கு எதற்கு ஜேபெக்? ஏஜென்சிக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமல் பிஎன்ஜி-8 (குறைந்த நிறங்களில் சேமிக்கும் பட ஃபார்மட்), 64 நிறம், டித்தரிங் (இல்லாத நிறத்தைப் புள்ளிகளைக் கலந்து காட்டுவது) ஆஃப் என்று எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன். எழுத்து கத்தி மாதிரி நின்றது, எடையும் ஜேபெக்கைவிடக் குறைவு. அவரிடமிருந்து பதிலே இல்லை! (பின்னணியில் கிரேடியன்ட், அதாவது ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறுவது, இருந்தால் மட்டும் டித்தரிங் கொஞ்சம் வேண்டும், இல்லையென்றால் பட்டை பட்டையாகத் தெரியும்.)

அப்புறம் ஆரம்பித்தது அடுத்த கூத்து. "300 டிபிஐ-ல அனுப்புங்க, அப்பதான் ஷார்ப்பா வரும்" என்றார் கிளையன்ட். டிபிஐ என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற அச்சுக்கான எண், பிரவுசர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. சரி என்று ஃபைலில் அந்த எண்ணை மட்டும் 300 ஆக்கி அனுப்பினேன், ஒரு பிக்சல்கூட மாறவில்லை. "இப்ப பரவால்ல" என்று பதில் வந்தது.

பாதிப் புகார் எங்கிருந்து வந்தது தெரியுமா? பேனரை ஒரு சாட் ஆப்பில் ஃபார்வர்ட் செய்துதான் பார்த்திருக்கிறார்கள். அது படத்தை மறுபடி நசுக்கிவிடும், ஜிப்பாகவோ டாகுமென்ட்டாகவோதான் அனுப்ப வேண்டும். மீதிப் புகார் லேப்டாப்பில் டிஸ்ப்ளே ஸ்கேலிங் 125% இருந்ததால் வந்தது. 300 பிக்சல் படத்தை 375-க்கு இழுத்துக் காட்டினால் எந்தப் படமும் மங்கத்தான் செய்யும். முதலிலேயே "எதில் பார்க்கிறீர்கள்" என்று கேட்டுவிடுங்கள், பாதி மெயில் மிச்சம்.

மொபைலுக்குத் தளம் அனுமதித்தால் இரண்டு மடங்கில், அதாவது 320×50-க்கு 640×100-ல், கொடுங்கள். பெரிய பேனரைச் சுருக்கிச் சின்னதாக்க வேண்டாம். மெல்லிய கோடுகள் அரை பிக்சலில் விழுந்து சாம்பலாகிவிடும், ஒவ்வொரு அளவிலும் எழுத்தைப் புதிதாக வைப்பதுதான் நல்லது.

கடைசியாக ஒன்று மீதி இருந்தது. 320×50-க்குள் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" வரியும் வேண்டுமாம். ஏழு பிக்சல் உயரத்தில் அதை எந்த ஃபார்மட்டும் படிக்க வைக்காது. கிளையன்ட்டை அவருடைய போனிலேயே திறந்து வாசிக்கச் சொன்னேன். வரியை எடுத்துவிட்டோம்.