ஓரக்குறிப்பில் வாழும் சபை

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய சேகரங்களில் (பல கிறிஸ்தவ சபைகள் சேர்ந்த வட்டாரங்களில்) பீரோவைத் திறந்தால் நான்கு விதப் புத்தகங்கள் கிடைக்கும்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், வரவுசெலவு. மிஷனரிகள் சீமைக்கு எழுதிய அறிக்கைகளைவிட இவற்றை நம்பலாம். அறிக்கை காணிக்கை கொடுப்பவர்களை நினைத்து எழுதப்பட்டது. பதிவேடு அன்றன்றைக்கு எழுதியது.

ஞானஸ்நானப் பதிவேட்டில் வயதுவந்தோருக்குப் பழைய பெயரும் புதுப் பெயரும் இருந்தால் இரண்டையும் பெயர்த்தெழுத வேண்டும். புதுப் பெயரை மட்டும் எடுத்தால் குடும்ப நூல் அங்கேயே அறுந்துவிடும். பெற்றோர் பத்தியில் இருப்பது பெரும்பாலும் பழைய பெயர்தான். முதலூர் என்ற கிறிஸ்தவ ஊரின் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் தாவீது சுந்தரானந்தத்துக்கு இரண்டு பெயருமே நிலைத்துவிட்டன. எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை.

தேதியில்தான் அதிகம் சறுக்கும். ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டில் எழுதியிருந்தால், ஆங்கில ஆண்டு கிடைக்க ஆவணி முதல் டிசம்பர் கடைசிவரை 824 கூட்ட வேண்டும்; ஜனவரி முதல் ஆடிவரை 825. கொல்லம் 1053 ஐப்பசி என்றால் 1877. அதே 1053 மாசி என்றால் 1878. மார்கழி இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும், நாளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1876–78 பெரும் பஞ்சத்தைப் படிக்கும்போது இந்த ஓராண்டுப் பிழை எல்லாவற்றையும் குலைத்துவிடும்: சாவு எப்போது ஏறியது, சபையில் சேர்ந்தவர்கள் அதற்கு முன்பா பின்பா என்பதே தலைகீழாகும்.

குறியீடுகளும் அப்படித்தான். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. ௰௨ என்பது 12. கொள்ளைநோய்க் காலத்து அடக்கப் பக்கத்தில் முதல் வரியில் ‘வாந்திபேதி’ என்றிருக்கும். கீழே வரிசையாக ௸, ௸, ௸. புரியாத கிறுக்கல் என்று தட்டச்சு செய்பவர் அதை விட்டுவிட்டால் அந்த ஊரின் துக்கமே பட்டியலிலிருந்து மறைந்துபோகும்.

கல்யாணப் பதிவேட்டில் பார்க்க வேண்டியது கையெழுத்து. மணமகள் வெறும் கீறல் போட்டிருக்கிறாளா, பெயர் எழுதியிருக்கிறாளா என்று தனிப் பத்தி போட்டுக் குறித்து வாருங்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் அந்த ஊரில் என்ன செய்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை.

வரவுசெலவில் மனசைத் தொடுவது பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி எடுத்துவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, அது ஏலம் போய்ப் பணமாகும். கூட்டும்போது கவனம்: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை; ரூபாய்-அணா-பை என்ற வரிசையில் எழுதியிருக்கும். 0-14-9-உம் 0-3-6-உம் சேர்ந்தால் 1-2-3.

புத்தகத்தைத் தொடும் முறை சுருக்கமாக. பேனா கூடாது, பென்சில்தான். கிழிசலில் செலோடேப் ஒட்டக்கூடாது. பசை மஞ்சளாகி எழுத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம். இரும்பு கலந்த பழைய மை தாளையே அரித்திருக்கும் இடங்களில் ஏட்டை மடக்காமல், கீழே அட்டை கொடுத்துத் திருப்ப வேண்டும். துடைப்பதற்கு முன் படம் எடுங்கள், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து. இடையில் செருகிய துண்டுச் சீட்டு எந்தப் பக்கத்தில் கிடந்தது என்று அதன்மேல் எழுதாமல் தனியே குறித்துவையுங்கள். இலங்கைத் தோட்டத்துக்குப் போன குடும்பத்துக்கு உபதேசியார் (சபையை நடத்தும் ஊழியர்) எழுதிய சாட்சிக் கடிதத்தின் நகலாக அது இருக்கலாம். அந்தப் பக்கத்தை விட்டு நகர்ந்துவிட்டால் அது யார் குடும்பம் என்று பிறகு சொல்ல ஆளில்லை.