பாட்டா சொன்னதும் பதிவானதும்

நான் நாகர்கோவிலில் சீனியரிடம் சேர்ந்த காலத்தில் ஹைகோர்ட் என்றால் சென்னைதான். இங்கே தீர்ப்பானதும் வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய், அங்கேயுள்ள வக்கீலிடம் கொடுத்துவிட்டு வருவார்கள். நாம் விசாரித்த சாட்சியைப் பற்றி மேலே என்ன பேசினார்கள் என்பதே தெரியாது. அதில் ஒரு சௌகரியமும் இருந்தது.

2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறந்தது. வடசேரியில் அதிகாலை மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒத்தக்கடையில் இட்லி தின்றுவிட்டுப் பத்தரைக்குக் கோர்ட்டில் நிற்கலாம். கீழே நடத்திய வழக்குக்கு அப்பீலிலும் நானே ஆஜராக ஆரம்பித்தேன். அப்படி வந்ததுதான் பாட்டாவின் வழக்கு. பாட்டா என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா; வயசான கட்சிக்காரர்.

இரணியல் பக்கம் பாட்டாவுக்கு ஒரு விளை, அதாவது தோப்பு, முப்பது சென்ட் தென்னை. பக்கத்து விளை வழியாகத்தான் போக்குவரத்து. அந்த வீட்டுப் பெரியவர் இறந்ததும் மகன் மதில் கட்டி வழியை அடைத்துவிட்டார். 20 வருஷத்துக்கு மேல் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தால் வழி கிடைக்கும். அனுமதி வாங்கி நடந்ததாக இருந்தால் கிடைக்காது. வழக்கின் உயிரே அதுதான்.

பாட்டாவின் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், மலையாளத்தில் எழுதியது. கொல்லம் ஆண்டு 1110, கும்ப மாசம். 825 கூட்டி 1935 என்று கண்டுபிடித்து, மொழிபெயர்த்து, இடத்தைப் பார்த்துப் பிளான் வரைந்துவர கோர்ட் அனுப்பிய கமிஷனரின் ரிப்போர்ட்டோடு பொருத்திப் பார்த்ததில் எனக்கு ஒரே பெருமை. கையாலையில், அதாவது மண் மதிலில், வெட்டிய பழைய படிக்கல்கூட பிளானில் இருந்தது.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "அந்த வீட்டு முற்றத்தைத் தாண்டிப் போகும்போது அவர்களிடம் ஒன்றும் சொல்லாமலா போவீர்கள்?" என்று கேட்டார்.

"அதெப்படி? சொல்லிட்டுத்தான் போவேன்" என்றார் பாட்டா.

நான் அந்த நேரம் கட்டுக்குள் பிளானைத் தேடிக்கொண்டிருந்தேன். பதிவானது இப்படி: 'பிரதிவாதியின் தகப்பனாரிடம் அனுமதி பெற்றே சென்று வந்தேன்.' வாசித்துக் காட்டினார்கள், பாட்டா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். என் சாட்சியிடம் நான் மறுபடி கேள்வி கேட்கும் மறுவிசாரணை உண்டா என்று கேட்டபோது இல்லை என்றேன். இன்றைக்கும் அந்த 'இல்லை' காதில் கேட்கிறது.

முன்சீப் கோர்ட்டில் படிக்கல் எங்களைக் காப்பாற்றியது. சப் கோர்ட்டில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு தலைகீழானது. இரண்டாம் அப்பீல் போட்டு மதுரைக்குப் போனேன். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவில் சட்டப் பிரச்சினை, அதுவும் கனமானதாக, இருந்தால்தான் அட்மிஷன், அதாவது அப்பீலை விசாரணைக்கு எடுப்பார்கள். நீதிபதி டைப் செட்டை, அதாவது டைப் அடித்துக் கொடுத்த வழக்குத் தாள்களை, புரட்டி அந்த வரியை நிதானமாக வாசித்தார். "உங்கள் சாட்சியே சொல்லியிருக்கிறார். இதில் சட்டம் எங்கே இருக்கிறது?" வேறு வழியே இல்லை என்று வாதாடலாமென்றால் கால்வாய்க் கரை ஓரமாகச் சுற்றுவழி ஒன்று கமிஷனர் பிளானிலேயே இருக்கிறது. நான் ஆசையாகத் தேடிய அதே பிளான். பத்து நிமிஷத்தில் தள்ளுபடி.

இப்போதெல்லாம் என் சாட்சி கூண்டில் நின்றால் கட்டை மூடி ஜூனியரிடம் கொடுத்துவிடுவேன். பதிவான தாளைக் கையெழுத்துக்கு முன்னால் வாங்கிப் படிப்பேன். சில நீதிபதிகளுக்கு எரிச்சல் வரும். வரட்டும். அப்பீல் வேலைக்கு வரும் பிள்ளைகள் எந்தத் தீர்ப்பைக் காட்டலாம் என்று முதலில் கேட்டால், வாக்குமூலத்தை மூன்று தடவை வாசித்தாயா என்று திருப்பிக் கேட்பேன்.

தள்ளுபடியான சங்கதியைச் சொல்ல நானே நேரில் போனேன். பாட்டா மட்டிப்பழம் உரித்துக் கையில் தந்தார். எந்த வார்த்தையால் தோற்றோம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுக்கு மக்களே, ஒரு வீட்டு முத்தத்துகூடிப் போகும்போ ஒரு வார்த்த சொல்லாம எப்படிப் போறது?"