அம்மித் துண்டு

எங்கள் பள்ளி மலருக்கு நினைவு ஒன்று எழுதக் கேட்டதும் எல்லோருக்கும் ஹெட்மாஸ்டரின் பிரம்புதான் ஞாபகம் வரும் என்று தெரியும். எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கல்.

1983. ஒன்பதாம் வகுப்பு. "நாளைக்கு வீட்டுல கிடக்கிற கல்லு ஆளுக்கொண்ணு கொண்டு வாங்கலே" என்றார் புவியியல் சார். மற்றவர்கள் தாமிரபரணியில் பொறுக்கிய கூழாங்கல்லோடு வந்தார்கள். நான் ஆச்சியின் உடைந்த அம்மியில் ஒரு மூலைத்துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. தண்ணீர் தெளித்து, வேட்டி நுனியால் துடைத்து, வெயிலில் பிடித்தார். கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக ஓடியது. நடுவே கடுகளவில் சிவப்புப் புள்ளிகள்.

"இது என்ன பாறைலே?"

"கருங்கல் சார். தீப்பாறை." புத்தகத்தில் கிரானைட் தீப்பாறை என்றுதானே இருந்தது!

பாறைக்குழம்பு ஆறி இறுகினால் மணிகள் கலைந்து கிடக்கும், இப்படி வரிகட்டி நிற்காது என்றார். வரி இருந்தால் அந்தக் கல் மறுபடி ஆழத்துக்குப் போய் வெந்து நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். "முழுசா உருகல. ஆனா ஆள் மாறிட்டு." உருமாறிய பாறைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நம் பக்கத்துப் பொத்தைகளில், அதாவது சிறு பாறைக்குன்றுகளில், நாம் கிரானைட் என்று சொல்வது பெரும்பாலும் இப்படி உருமாறிய நைஸ், சார்னோக்கைட் என்ற பாறைகள்தான். இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் வெந்தவை. கடைசிப் பெரிய வேக்காடு சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்பதைப் பின்னால் படித்தேன். மேலே இருந்ததெல்லாம் மழையில் கரைந்து போன பிறகு அவை வெளியே வந்து, ஆச்சி கையில் அம்மியாகித் தேய்ந்தன. அம்மி கொத்துகிறவர் வந்துபோன மறுநாள் துவையல் நறநறவென்று இருக்கும். எங்கள் குடும்பம் அந்தக் கல்லில் எத்தனை படி தின்றதோ!

சார் அதோடு விடவில்லை. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் ஒன்றில் ஆய்வகத்து அமிலத்தை ஒரு சொட்டு விட்டார். சோடாபோல் நுரைத்தது. அது முதலில் படிவாக இருந்தது, பிறகு அதுவும் வெந்து பளிங்குபோல் மணிமணியாகிவிட்டது. என் அம்மித் துண்டில் விட்டார், ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

அப்புறம் திருச்செந்தூர் சுற்றுலா. அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் நம் திருநெல்வேலி ஜில்லாதான். மற்ற பையன்கள் அலையில் குதிக்க, சார் என்னை மட்டும் கூப்பிட்டு ஈரமணலை உள்ளங்கையில் வைத்தார். உற்றுப் பார்த்தால் வெள்ளை மணலுக்கு நடுவே செக்கச்செவேலென்று பொடிமணிகள். "உன் அம்மிப் புள்ளிதாம்லே." கார்னெட் என்ற தாது அது. மலைப்பாறை உதிர்ந்து, மற்ற பல தாதுக்கள் களிமண்ணாகிப் போனாலும், இது கெட்டியாதலால் ஆற்றோடு உருண்டு கடல்வரை வந்துவிடுகிறதாம்.

வள்ளி குகைப் பக்கம் பாறையைத் தடவினேன். மணல் கையோடு வந்தது. மணலைச் சுண்ணாம்பு பிடித்து இறுக்கிய கல் அது. பழைய கோவிலை இந்தக் கல்லில்தான் கட்டியிருந்தார்கள். உப்புக்காற்று அரித்துவிட்டதால் பிறகு கருங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். மலை மணலாகி, மணல் கல்லாகி, கல் கோவிலாகி, மறுபடி மணல். பேருந்தில் திரும்பும்போது அன்று முதன்முறையாக ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டேன்.

இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். இங்கே மலைகளுக்கு மண்ணும் கிடையாது, மரமும் கிடையாது. ஒரு காலத்துக் கடலடித் தரையே மேலேறி மலையாக நிற்கிறது. விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டும்போது சாரின் குரலில்தான் பேசுகிறேன் என்று மனைவி கேலி செய்கிறாள்.

போன லீவில் பள்ளிக்குப் போனேன். சார் இல்லை, காலமாகிவிட்டார். ஆய்வகத்து அலமாரியில் என் அம்மித் துண்டு அப்படியே இருந்தது. யாரோ சீட்டு ஒட்டி, 'கிரானைட்' என்று எழுதியிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற பையனிடம் பேனா கேட்டேன்.