டார்ட்மவுத்தை விட்டுப் போகாத பாட்டுக்காரர்

படிப்பை முடித்ததும் டொரண்டோ போய்விட வேண்டும். 2014 செப்டம்பரில் கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வந்து இறங்கியபோது என் திட்டம் அவ்வளவுதான். தூத்துக்குடியில் வழியனுப்ப வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நம்ம ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, வேலை இருக்கிறது. மாகாணத்தின் தலைநகரான ஹாலிஃபாக்ஸ் என்ற பெயரை எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கேட்டதுகூட இல்லை.

வாடகை கொஞ்சம் குறைவு என்பதால் ஹாலிஃபாக்ஸுக்கு எதிர்க்கரையில் இருக்கும் டார்ட்மவுத்தில் அறை பிடித்தேன். இரண்டு ஊருக்கும் நடுவில் துறைமுகம். பன்னிரண்டு நிமிடத்தில் படகு அக்கரைக்குக் கொண்டுபோய் விடும். 1752-லிருந்து அந்த வழியில் படகு ஓடுகிறது. குளிர் என்னைப் படாத பாடு படுத்தியது, ஆனாலும் ஊர் அந்நியமாகத் தெரியவில்லை. காலையில் படகுத்துறையில் நின்றால் உப்பும் டீசலும் கலந்த வாடை வரும். கண்ணை மூடினால் எங்கள் பழைய துறைமுகம்தான். இங்கே கடைகளில் ஹேடக் என்று ஒரு மீன் கிடைக்கிறது. சீலா மீனுக்குப் பழகிய கையோடு அதைக் குழம்பில் போட்டுக் கிளறினால் பஞ்சாக உதிர்ந்துவிடும். புளியும் மசாலாவும் நன்றாகக் கொதித்த பிறகு, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போட்டு, கரண்டியே வைக்காமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும். இது கைவர எனக்கு ஒரு பனிக்காலம் ஆனது.

படிப்புக்கு நடுவே வார இறுதி இரவுகளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அங்கே விடிய விடிய ரேடியோ பாடும். எல்லாம் எனக்குப் புரியாத பாட்டுகள். அவற்றில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. ராக் இசைதான், கிட்டாரும் டிரம்ஸும் அதிரத்தான் செய்யும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக விழும். ஒரு பாட்டில் ஹாலிஃபாக்ஸ் என்ற பெயரே வந்தது. திகைத்துப்போய், கூட வேலை பார்த்த பெரியவரிடம் யார் இவர் என்று கேட்டேன்.

“ஜோயல் பிளாஸ்கெட். நம்ம டார்ட்மவுத் ஆள்தான். போர்ட்லண்ட் தெருவில் அவர் ஸ்டூடியோ இருக்கிறது, பார்த்ததில்லையா?” என்றார்.

போர்ட்லண்ட் தெரு நான் தினமும் நடக்கும் தெரு. பாட்டு எழுதி, பாடி, ரேடியோவிலும் வரும் ஒருவர் நான் பால் வாங்கப் போகும் வழியில் தொழில் நடத்துகிறார் என்பது எனக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது. அதற்குக் காரணம் என் மாமா.

அம்மாவின் தம்பி. எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் பாடியவர். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று எங்கள் பக்கத்து ஊர்களிலெல்லாம் அவர் குரலுக்குக் கூட்டம் இருந்தது. ஆனால் பாடுகிறவன் என்றால் அடுத்து என்ன? மெட்ராஸ் போக வேண்டும். இரண்டு முறை ராத்திரி ரயில் ஏறினார். இரண்டு முறையும் சில மாதங்களில் திரும்பி வந்து, ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதப் போய்விட்டார். உப்பளத்தைப் பற்றித் தானே இரண்டு பாட்டு எழுதி மெட்டும் போட்டு வைத்திருந்தார். அவற்றை எந்த மேடையிலும் பாடியதில்லை. குழுவில் பாடுவது சினிமாப் பாட்டு. சொந்தப் பாட்டு என்ற ஒன்றுக்கு அன்று எங்கள் ஊரில் இடமே கிடையாது.

அதனால் பிளாஸ்கெட் கதையை நான் விசாரிக்க ஆரம்பித்தது ரசிகனாக அல்ல. இது எப்படி முடிந்தது என்று தெரிய வேண்டியிருந்தது.

அவருக்கும் ஒரு மெட்ராஸ் இருந்திருக்கிறது. 1975-ல் பிறந்தவர், லூனன்பர்க் என்ற கடலோர ஊரில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் ஹாலிஃபாக்ஸுக்கு வந்தவர். பள்ளி நண்பர்களோடு சேர்ந்து த்ரஷ் ஹெர்மிட் என்ற குழுவைத் தொடங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சியாட்டில் நகரக் குழுக்கள் உலகம் முழுக்கப் பேரெடுத்த நேரம். அடுத்த சியாட்டில் எது என்று தேடிய இசை நிறுவனங்களின் கண் ஹாலிஃபாக்ஸ் மேல் விழுந்தது. ஸ்லோன் என்ற ஹாலிஃபாக்ஸ் குழு முதலில் பெரிய நிறுவனத்துக்குப் போனது. பின்னால் த்ரஷ் ஹெர்மிட்டையும் எலெக்ட்ரா என்ற அமெரிக்க நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1997-ல் ஓர் ஆல்பம் வந்தது, அதோடு அந்த உறவு முடிந்தது. கடைசி ஆல்பம் 1999-ல் ஒரு சிறு சுயாதீன நிறுவனத்தில் வெளியானது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிளேட்டன் பார்க். ஹாலிஃபாக்ஸின் ஒரு புறநகர்ப் பகுதி. எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் ஆல்பத்துக்கு மில்லர்புரம் என்று பெயர் வைத்தால் எப்படியோ அப்படி. அந்த வருடமே குழு கலைந்தது.

அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மாமா இரண்டாம் முறை திரும்பி வந்தபோது அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். மாமா கணக்கு நோட்டை எடுத்தார், இவர் மறுபடி எழுத உட்கார்ந்தார். திறமையில் இருந்த வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை. இவருக்கு உட்கார ஓர் இடம் இருந்தது.

அந்த இடம் தானாக உண்டானதல்ல. கனடாவில் வணிக வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் ஜனரஞ்சகப் பாட்டுகளில் குறைந்தது 35 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. இசை, பாடகர், நிகழ்த்திய இடம், வரிகள் இந்த நான்கில் குறைந்தது இரண்டு கனடியமாக இருந்தால் கனடியப் பாட்டு. 1971-ல் 30 சதவீதமாகத் தொடங்கிய ஏற்பாடு. பக்கத்திலேயே அமெரிக்கா என்ற பெருங்கடல் இருக்கும்போது இப்படி ஒரு கரை கட்டாவிட்டால் சின்ன ஊர்க் குரல் எதுவும் மேலே வராது. நடுராத்திரி என் கிடங்குக்கு அந்தக் குரல் வந்ததில் இந்த விதிக்கும் பங்கு உண்டு. பொது ஒலிபரப்பான சிபிசியும் அவருக்குத் துணை நின்றிருக்கிறது. 2012-ல் வாரம் ஒரு பாட்டு என்று பத்து வாரத்தில் பத்துப் பாட்டு எழுதிப் பதிவு செய்து, சூட்டோடு சூடாக அந்த வானொலியில் வெளியிட்டு ஓர் ஆல்பத்தையே முடித்தார்.

மற்றதெல்லாம் ஒரு சிறு வியாபாரி கடையை நடத்துவதுபோல அவர் நடத்தியது. நோவா ஸ்கோஷியா என்றால் லத்தீனில் புதிய ஸ்காட்லாந்து. அதையே எடுத்துத் தன் நிறுவனத்துக்கு நியூ ஸ்காட்லண்ட் ரெக்கார்ட்ஸ் என்றும் ஸ்டூடியோவுக்கு நியூ ஸ்காட்லண்ட் யார்டு என்றும் பெயர் வைத்தார். மோ கென்னி போன்ற இளம் பாடகர்களின் ஆல்பங்களைத் தானே தயாரித்தார். ஒரு பாட்டை ஜெல்லர்ஸ் கடைகளின் விளம்பரத்துக்குக் கொடுத்தார். அதைக் குறை சொல்கிற ரசிகர்களும் உண்டாம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, வீட்டு வாடகையும் வாத்தியக்காரர் சம்பளமும் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும். அப்புறம் ஓயாத பயணம். இந்த மாகாணம் முழுவதிலுமே 2021 கடைசியில்தான் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தொட்டது. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே 2011-ல் பதினேழரை லட்சம் பேர். இவ்வளவு சின்ன ஊரை மட்டும் நம்பி ராக் பாடகர் பிழைக்க முடியாது. டொரண்டோவுக்குச் சாலை வழியாக 1,800 கிலோமீட்டர். வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு போவார், பாடுவார், திரும்பி வருவார். அந்தத் திரும்பி வருவதைத்தான் நான் கவனித்தேன்.

நான் போய்வந்த நாட்களில் ஸ்டூடியோ இருந்த கட்டடத்தின் முன்பக்கம் ஒரு காப்பிக் கடையும் இசைத்தட்டுக் கடையும் இருந்தன. முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அங்கே அவருடைய ‘த்ரீ’ வாங்கினேன். 2009-ல் வந்தது, மூன்று தட்டு, தட்டுக்கு ஒன்பதாக இருபத்தேழு பாட்டு. கனடாவின் இசை விருதான ஜூனோவை வாங்கிய ஆல்பம். முதல் தட்டு கிளம்பிப் போவதைப் பற்றி, இரண்டாவது தனியாக இருப்பதைப் பற்றி, மூன்றாவது வீடு திரும்புவதைப் பற்றி. அந்தப் பனிக்காலம் முழுக்க இரண்டாவது தட்டுதான் என் அறையில் ஓடியது. மூன்றாவதை வைக்க மனசு வரவில்லை. எனக்குத் திரும்பும் வீடு எது என்று தெரியாமல் இருந்தது.

இந்த ஊர்ப் பிள்ளைகளும் எங்களைப் போலவே வெளியூர் போகிறவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. படித்து முடித்தால் டொரண்டோ, இல்லாவிட்டால் அல்பெர்ட்டாவின் எண்ணெய் வயல்கள். ஒவ்வொரு வீட்டிலும் மேற்கே போன பிள்ளை ஒன்று இருக்கிறது. வந்து சேர்ந்தவர்களை இங்கே ‘கம் ஃப்ரம் அவே’ என்பார்கள். எங்கள் பக்கத்தில் அசலூர்க்காரர் என்போமே, அதுதான். நாற்பது வருடம் குடியிருந்தாலும் அசலூர்க்காரர்தான். அதை வெறுப்பாகச் சொல்வதில்லை, ஆனாலும் அடுத்த கேள்வி தவறாமல் வரும்: “எப்போது டொரண்டோ போகிறாய்?” வீட்டுக்காரரும் கேட்டார், பல் மருத்துவரும் கேட்டார்.

2016-ல் படிப்பு முடிந்தபோது டொரண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் இருந்த நண்பன் எனக்கு அறையே பார்த்து வைத்துவிட்டான். அடுத்த வருடம் மத்திய அரசு, அட்லாண்டிக் கரையின் நான்கு மாகாணங்களுக்காகக் குடியேற்ற முன்னோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வருகிறவர்கள் தங்காமல் போய்விடுகிறார்கள் என்பதற்காகவே வந்த திட்டம். நான் வேலை பார்த்த இடத்தில் அதன் வழியாக எனக்கு விண்ணப்பிக்க முன்வந்தார்கள். ஒரு வாரம் தூக்கமில்லை. டொரண்டோவில் எல்லாம் கிடைக்கும், தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் நண்பனுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டான். பிளாஸ்கெட்டைப் பற்றிச் சொன்னால் அவனுக்குப் புரிந்திருக்காது. இங்கே கடல் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அந்த வருடம்தான் ஜோயல் தன் அப்பா பில் பிளாஸ்கெட்டோடு சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். பில் இங்கிலாந்தில் பிறந்தவர், நாட்டுப்புற இசைக்காரர், லூனன்பர்க் நாட்டுப்புற இசை விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணக்குப்படி அவரும் அசலூர்க்காரர். அவர் மகனைத்தான் ஊரே நம்ம ஆள் என்கிறது. எனக்கு 2019-ல் மகள் பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு படகில் போகும்போதெல்லாம் இந்த விஷயம் நினைவுக்கு வரும்.

போன கோடையில் மாமாவிடம் வீடியோவில் பேசும்போது இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அவரு இன்னும் அந்த ஊர்லதான் இருக்காரா?”

“ஆமா மாமா. இங்கேதான்.”

“சொந்தப் பாட்டா பாடுறாரு?”

“எல்லாம் சொந்தப் பாட்டுதான். 2020-ல நாலு தட்டு சேர்த்து ஒரே ஆல்பமா போட்டார். மொத்தம் 44 பாட்டு.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. நானே கேட்டேன், உங்கள் உப்பளப் பாட்டைப் பாடுங்கள், பதிவு செய்துகொள்கிறேன் என்று. முதலில் மறுத்தார். அத்தை பின்னாலிருந்து சத்தம் போட்ட பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். ‘பாத்தியிலே உப்பு விளையுது, பாதத்திலே கொப்புளம் விளையுது.’ எழுபதை நெருங்கும் வயதிலும் சுருதி விலகவில்லை. முதல் சரணம் முடிந்ததும் நின்றுவிட்டது.

“அடுத்தது மறந்துபோச்சுல மாப்ளே. ஞாபகம் வந்தா கூப்பிடுறேன்.”

கோடையில் இரண்டு ஊருக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். இரண்டு நாள் கழித்து, ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் என்றால் நெஞ்சு பதறத்தான் செய்யும். எடுத்தேன். மாமா வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேராக இரண்டாவது சரணத்தைப் பாட ஆரம்பித்துவிட்டார்.