0.35 பெரியதா, 0.5 பெரியதா?

பி.எட். படித்த யாரிடமும் செயலாராய்ச்சி என்று சொல்லிப் பாருங்கள், அவருக்கு முதலில் நினைவு வருவது ஒரு ரெக்கார்டு நோட்டுதான். ஆசிரியர் தன் வகுப்பில் காணும் ஒரு பிரச்சினைக்குத் தானே தீர்வு தேடிச் செய்து பார்ப்பதுதான் செயலாராய்ச்சி. நோட்டில் அது இப்படி வரும்: பிரச்சினை, சாத்தியமான காரணங்கள், கருதுகோள், முன் தேர்வு, செயல்பாடு, பின் தேர்வு, பட்டை வரைபடம், முடிவு. தமிழ் எடுத்தவர்களுக்கு லகர ளகர ழகரப் பிழை, ஆங்கிலம் எடுத்தவர்களுக்கு ஸ்பெல்லிங், கணக்கு எடுத்த எங்களுக்கு வாய்ப்பாடு. சீனியர்களின் நோட்டுகளைப் புரட்டினால் அத்தனை ஆராய்ச்சியும் வெற்றி பெற்றிருக்கும். முன் தேர்வில் குட்டையாக இருக்கும் பட்டை பின் தேர்வில் நெட்டையாக எழுந்துவிடும். தோற்றுப்போன ஆராய்ச்சி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

கோட்பாடு எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1946-இல் 'செயலாராய்ச்சி' பற்றி எழுதியது, 1953-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து புத்தகம் போட்டது, திட்டமிடு, செய், கவனி, சிந்தி, பிறகு மறுபடி திட்டமிடு என்ற சுழற்சி, எல்லாம் தேர்வுக்கு மனப்பாடம். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடப் படிப்பாகிவிட்டதால், இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியிலேயே இருக்கவும் வாய்ப்பு கிடைத்தது. ஒரு வகுப்பைக் கூர்ந்து பார்க்க அது போதுமான காலம்தான். எதைப் பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

எனக்கு வழிகாட்டியாக இருந்த கணக்கு சார் அதிகம் பேச மாட்டார். தலைப்பு கேட்டுப் போனபோது, "பிரச்சினைய வெளிய தேடாதம்மா. திருத்தின நோட்ட எடுத்துட்டுப் போ, அதுலயே இருக்கு" என்று ஏழாம் வகுப்பு நோட்டுகளைக் கொடுத்து அனுப்பினார். தசம எண்கள் பாடம் முடிந்திருந்த நேரம். கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. எது பெரியது என்று கேட்ட இடத்தில் மட்டும் ஒரே மாதிரி சிவப்புக் கோடுகள். 0.5-ஐவிட 0.35 பெரியது என்று பாதி வகுப்புக்கு மேல் எழுதியிருந்தது. 35 என்பது 5-ஐவிடப் பெரியதுதானே!

வழக்கமான நோட்டு என்றால் இதற்கு 'மாணவர்களிடம் கவனக்குறைவு', 'பெற்றோர் அக்கறையின்மை' என்று காரணங்களை அடுக்கியிருக்கும். இந்தப் பகுதிதான் அந்த நோட்டுகளிலேயே மோசமானது என்பது என் எண்ணம். பிள்ளையிடம் கேட்காமல், பிள்ளையின் வீட்டைக் குறை சொல்லி ஒரு பக்கத்தை நிரப்பிவிடுகிறோம். இத்தனை பேர் ஒரே தவறைச் செய்தால் அது கவனக்குறைவாக இருக்க முடியாது, அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்க வேண்டும்.

அந்த விதியைப் பிள்ளைகளின் வாயிலிருந்து வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. "ஏன் இப்படிப் போட்ட?" என்று கேட்டால் போதும், உடனே ரப்பரை எடுத்து அழித்து மாற்றி எழுதிவிடுவார்கள். தப்பாக இருந்தால்தான் டீச்சர் 'ஏன்' கேட்பார் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. அதனால் சரியான விடைக்கும் 'எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு வாரம் போல எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது, பேச ஆரம்பித்தார்கள்.

பேச ஆரம்பித்ததும் வந்த முதல் விஷயமே கிரிக்கெட். 4.5-க்கு அடுத்து என்ன என்று கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து "அஞ்சு டீச்சர்!" என்று கோரஸாகப் பதில் வந்தது. ஓவர் கணக்கில் அது முற்றிலும் சரி. நாலு ஓவர் ஐந்து பந்து, இன்னொரு பந்து போட்டால் ஐந்து ஓவர். அங்கே 4.7 என்ற எண்ணுக்கே இடம் கிடையாது. புள்ளிக்குப் பின்னால் வருவது தனியாக ஓடும் இன்னொரு எண் என்று டி.வி. தினமும் சொல்லிக்கொடுக்கிறது. ரூபாயும் அதற்குத் துணை. 3.5 ரூபாய் என்றால் மூன்று ரூபாய் ஐந்து பைசா என்றான் ஒருவன். போதாக்குறைக்கு 0.35-ஐ 'புள்ளி முப்பத்தைந்து' என்றே நாமும் வாசிக்கிறோம். அந்தப் பிள்ளைகள் மடையர்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஒழுங்கான ஒரு விதியை உருவாக்கி வைத்திருக்கிறார்கள்.

என்னோடு பயிற்சிக்கு வந்த தோழி, நான் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பிளாண்டர்ஸ் முறையில் குறித்தாள். மூன்று விநாடிக்கு ஒருமுறை, வகுப்பில் நடப்பதைப் பத்து வகைகளில் ஒன்றாக எண் போட்டு எழுத வேண்டும். வகுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் யாராவது பேசுகிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியரின் பேச்சு என்பது பிளாண்டர்ஸின் பிரபலமான கண்டுபிடிப்பு. 'எப்படிக் கண்டுபிடிச்ச?' வகுப்புகளில் மாணவர் பேச்சுக்கான 8-உம் 9-உம் கூடியிருந்தன. ஆனால் 10-உம் கூடியிருந்தது. அந்தப் பட்டியலில் அமைதிக்கும் குழப்பத்துக்கும் சேர்த்து ஒரே எண்தான். ஒரு பிள்ளை யோசித்துக்கொண்டு சும்மா நிற்பதும், வகுப்பு சந்தைக்கடையாகக் கிடப்பதும் அதில் ஒன்று! எண்ணாக மாற்றும்போது எது தொலைந்துபோகிறது என்பதைப் புள்ளியியல் தாளைவிட இந்தப் பத்தாம் எண்தான் எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

சரி, செயல்பாட்டுக்கு வருவோம். நூறு கட்டம் போட்ட தாளில் 0.5-க்கு ஐந்து வரிசை, 0.35-க்கு முப்பத்தைந்து கட்டம் என்று வண்ணம் தீட்ட வைத்தேன். எண்கோட்டில் இடம் குறிக்கச் சொன்னேன். குறுக்குவழி ஒன்று இருக்கிறது, எல்லா டியூஷனிலும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்: பின்னால் ஒரு பூஜ்ஜியம் போட்டு இரண்டையும் சமமாக்கு, 0.50, 0.35, முடிந்தது. மதிப்பெண் வரும். ஆனால் பிள்ளை இப்போதும் 50-ஐயும் 35-ஐயும்தான் ஒப்பிடுகிறது. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

பின் தேர்வுத் தாளைச் சாரிடம் காட்டியபோதுதான் இந்த வேலையில் நான் கற்ற முக்கியமான பாடம் கிடைத்தது. தாளில் இருந்தவை எல்லாம் 0.35, 0.5 மாதிரியான ஜோடிகள், நீளமான எண் சிறியதாக இருப்பவை. "இப்படியே கொடுத்தா எல்லாரும் பாஸாயிடுவாங்க. 0.4, 0.73 மாதிரியும் பாதி போடு" என்றார். முன் தேர்வில் அந்த வகையும் கொஞ்சம் இருந்தது. அதில் அப்போது யாருமே தவறவில்லை. நீளமானது பெரியது என்ற தப்பான விதிக்கும் அங்கே சரியான விடைதான் வரும். எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு மறுபடி கேட்பது என்று யோசித்தபடியே சேர்த்தேன்.

முதல் வகையில் நோட்டுக்கு ஏற்ற ஏற்றம். இரண்டாம் வகையில் இறக்கம்! முன்பு சரியாகப் போட்டவர்களில் சிலர் இப்போது 0.73-ஐவிட 0.4 பெரியது என்று எழுதியிருந்தார்கள். நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணைக் கேட்டேன். "பத்துல ஒண்ணு பெரிய துண்டு, நூறுல ஒண்ணு சின்னத் துண்டு. அப்ப புள்ளிக்கு அப்புறம் நீளமா இருந்தா சின்னதுதான டீச்சர்?" என்றாள். நான் கொடுத்த கட்டத்தாளிலிருந்தே புது விதி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். எத்தனை துண்டு என்பதை விட்டுவிட்டு, துண்டின் அளவை மட்டும் பிடித்துக்கொண்டாள். பழைய தாளே போயிருந்தால் இவள் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள், என் பட்டையும் நெட்டையாக நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு அந்தச் சீனியர் நோட்டுகளின் வெற்றிகள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. வகுப்பில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த பத்து பேரை 'மெல்லக் கற்போர்' என்று பொறுக்கி மறுபடி தேர்வு வைத்தால், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவர்களில் சிலர் ஏறுவார்கள். முதல் தேர்வன்று காய்ச்சலோடு வந்தவனும், கேள்வியைத் தவறாகப் படித்தவளும் அந்தப் பத்துக்குள் இருப்பார்களே. போதாததற்கு, வெளியிலிருந்து வந்த பி.எட். டீச்சர் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார் என்ற உற்சாகம் வேறு. சிகாகோ பக்கம் ஹாவ்தோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் பெயர் பெற்றது, நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே வேலை கூடும் இந்த மாதிரி விளைவுக்காகத்தான். இதற்காக வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கட்டத்தாள் கொடுக்க எனக்கு மனம் வராது. ஏறியது என்று எழுதும்போது, வேறு எதனால் ஏறியிருக்கலாம் என்றும் இரண்டு வரி எழுதலாம், அவ்வளவுதான்.

நான் இரண்டு வரைபடமாகவே போட்டேன், ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். கல்லூரியில் மேடம் புரட்டிப் பார்த்துவிட்டு, கருதுகோள் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, ஏதாவது ஒன்றை எழுது என்றார். நோட்டில் அதற்கு இருந்த இடமே ஒரு வரிதான். 'ஒரு வகைக்கு ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

உண்மையில் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். சுழற்சியின் இரண்டாவது சுற்று இந்தப் புது விதியை எடுத்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் பின் தேர்வு முடிவதற்குள் பயிற்சிக் காலமும் முடிகிறது, ரெக்கார்டு வைக்கும் தேதியும் வந்துவிடுகிறது. முன்னுரையும் இலக்கிய மீளாய்வுமாக நாற்பது பக்கம் கேட்பதற்குப் பதில், ஒரே ஒரு பிழையை எடுத்து இரண்டு சுற்று போகச் சொல்லிப் பத்து பக்கம் கேட்கலாம். முதல் சுற்றை முதல் மாதத்திலேயே முடிக்க வைத்தால் நேரம் தாராளமாக இருக்கும். இரண்டாவது சுற்றில் பட்டை குட்டையாக இருந்தாலும் மதிப்பெண் குறையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதி நோட்டுகளில் உண்மையான எண்கள் வரும்.