கீமோவா, கீமோ இல்லையா? ஒரு ஊசிக்காக ஏழு மாத அலைச்சல்

போன வெள்ளிக்கிழமை வங்கியில் இருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. காப்புறுதிக் கம்பனி எட்டு ஊசிக்குரிய காசைப் போட்டிருக்கிறது. பத்துக்குரியது வந்திருக்க வேண்டும். மிச்சம் இரண்டும் என்ன ஆனது என்று கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு மார்புப் புற்றுநோய். சத்திரசிகிச்சை, கீமோ, கதிர் எல்லாம் அரசாங்கத்தில். ஒரு சதம் செலவில்லை, குறை சொல்லவும் ஒன்றும் இல்லை. வில்லங்கம் ஹெர்-2 புரதத்தோடு தொடங்கியது. சிலரின் மார்புப் புற்றுநோய்க் கலங்களில் இது அளவுக்கு மிஞ்சி இருக்கும். முதல் சோதனையில் 2+ என்று வந்தால் அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. மேற்கொண்டு 'ஃபிஷ்' என்றொரு சோதனை செய்ய வேண்டும். (திருகோணமலைக்காரி இல்லையா, அம்மா கேட்டா: "என்ன பிள்ளை, இனி மீன் சாப்பிடலாமோ எண்டு பாக்கிறாங்களோ?") ஃபிஷ் முடிவு பொசிட்டிவ். அதற்கான மருந்து ட்ரஸ்டுசுமாப் ஊசி, மூன்று கிழமைக்கு ஒருக்கா, ஒரு வருடத்துக்கு 18. அந்த நேரம் பார்த்து அரசாங்க விநியோகத்தில் மருந்து தட்டுப்பாடு. 2022 பொருளாதார நெருக்கடியைக் கடந்து வந்த எங்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. "பிந்த விடாதீங்க, ஏலுமெண்டால் தனியாரில தொடங்குங்க" என்றார் டொக்டர். ஒரு ஊசி என் இரண்டு மாதச் சம்பளம். பொலிசி இருக்குத்தானே என்ற துணிவில் கொழும்பில் தொடங்கினேன்.

முதல் கிளெய்முக்கு பதில் கடிதமாக வரவில்லை, கோலாக வந்தது. "24 மணித்தியாலம் வாட்டில் இருக்கேல்ல மேடம், அதால தர ஏலாது." இந்த மருந்தை முதல்தரம் ஏற்ற 90 நிமிடம், உடம்பு ஏற்றுக்கொண்டால் அடுத்த முறையிலிருந்து 30 நிமிடம். அரை மணித்தியால மருந்துக்கு ஒரு நாள் முழுக்க எதற்குக் கட்டிலில் கிடப்பது? ஆஸ்பத்திரிக் காசாளர் பிள்ளை குரலைத் தாழ்த்தி, "ஒரு நைட் அட்மிட் ஆகுங்க மிஸ், அப்ப தருவாங்க" என்றாள். அறை வாடகையும் சேர்த்துக் கட்டி, காய்ச்சலோடு வருகிற யாரோ ஒருவரின் கட்டிலையும் பிடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோலில் சொன்னதை அப்படியே விட்டுவிடாதீர்கள். "மறுக்கிறீங்க எண்டால், எந்தப் பிரிவின்படி எண்டு எழுத்தில தாங்க" என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறைதான் ஈமெயில் வந்தது. அது வராமல் மேற்கொண்டு எதுவும் செய்திருக்க ஏலாது.

அடுத்து நான் செய்தது முழு மடத்தனம். பைலைத் தூக்கிக்கொண்டு இரவு மெயில் ரயிலில் நேரே கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போனேன். வழியில் யானைக்காக ரயில் நின்று நின்று போய், கோட்டையில் இறங்கும்போதே தலை சுற்றியது. கவுண்டரில் இருந்தவர் பைலைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார். அடையாள அட்டையில் அப்பாவின் முதலெழுத்து. பொலிசியில் கணவரின் பெயர். ஃபிஷ் றிப்போட்டில் என் பெயரின் ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' இல்லை. "மூணு பேரும் ஒரே ஆள் எண்டு எப்பிடித் தெரியும்?" தலைமயிர் இன்னும் சரியாக முளைக்காத நான் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்று இரவே திரும்பி ரயில்.

மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்கச் சுகம். உவர்மலையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சமாதான நீதவான், தேத்தண்ணியும் தந்து முத்திரை குத்தித் தந்தார். அனுப்பினால், தமிழில் இருக்கிறதாம், ஆங்கிலம் வேண்டுமாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்து, அவர் ஊரில் இல்லாத இரண்டு கிழமை காத்திருந்து, பிறகு கொப்பி எடுத்துக்கொண்டு வரும்போது பஸ் நிலையத்தடியில் மான் ஒன்று கிட்ட வந்து பையை மோந்தது. எங்கள் ஊர் மான்களுக்குக் கடதாசி என்றால் புல் மாதிரி. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். ஆகவே, பயாப்சி கொடுக்கிற நாளிலேயே துண்டில் பெயரைப் பாருங்கள். பிழை என்றால் அங்கேயே, அப்போதே திருத்துங்கள்.

பெயர்ச் சண்டை முடிந்ததும் சொல் சண்டை. ஏஜென்ட் தம்பி தந்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் 'புற்றுநோய்ச் சிகிச்சை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. "அக்கா, கென்சர் எண்டால் முழுக்கக் கவர்" என்று சத்தியம் பண்ணாத குறை. ஆனால் செல்லுபடியாவது ஆங்கிலப் பொலிசிப் புத்தகம்தான். அதைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தவளுக்குத்தான் தெரியும், பின்னிணைப்பில் ஒரு அட்டவணை ஒளிந்திருக்கிறது: 24 மணித்தியாலம் தேவைப்படாத பகல்நேரச் சிகிச்சைகள். கண்புரை, டயாலிசிஸ், கதிர், கீமோதெரபி. சந்தோசத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினேன். பதில் வந்தது: ட்ரஸ்டுசுமாப் கீமோ இல்லை, அது 'டார்கெட்டட் தெரபி', அட்டவணையில் அந்தச் சொல் இல்லை.

மருத்துவப்படி அவர்கள் சொன்னது பிழையில்லை, அதுதான் கூடுதலாக எரிந்தது. கீமோ வேகமாகப் பெருகுகிற எல்லாக் கலத்தையும் அடிக்கும், இது ஹெர்-2வைத் தேடிப்போய்ப் பிடிக்கும். அதனால்தானே நல்ல மருந்து! நல்ல மருந்து என்பதற்காகக் காசில்லையாம்.

இரண்டு நாள் வயிறெரிந்துவிட்டு பில்களை மேசையில் பரப்பினேன். அங்கேதான் கிடைத்தது. ஒவ்வொரு பில்லின் தலைப்பிலும் ஆஸ்பத்திரியே அடித்திருந்தது: 'கீமோதெரபி டே யூனிட்'. கீமோ ஏற்றுகிற அதே அறை, அதே கதிரை, அதே நேர்ஸ். மஞ்சள் மையால் வட்டம் போட்டேன்.

டொக்டரின் கடிதத்தையும் மாற்றினேன். முதல் கடிதம் இரண்டு வரி, 'இவருக்கு இந்த மருந்து அவசியம்' என்று. அதை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. இந்த முறை கிளினிக்குக்குப் போகும்போது எனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டு போனேன்: நோயின் கட்டம், ஃபிஷ் முடிவும் திகதியும், மொத்தம் எத்தனை ஊசி, ஏன் வாட்டில் தங்கத் தேவையில்லை, ஏன் வேறு மருந்து பதிலாகாது, மூன்று மாதத்துக்கு ஒருக்கா இதய எக்கோ ஏன் எடுக்கிறோம். அந்த மனிசன் சிரித்துவிட்டு ஒரு முழுப் பக்கம் எழுதித் தந்தார். உலக சுகாதார நிறுவனம் இதை 2015இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததையும் அவரே எழுதினார்.

மேன்முறையீட்டின் கடைசி வரியில், திருப்தியான பதில் இல்லையென்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போவேன் என்றும், ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குப் பிரதி அனுப்புவேன் என்றும் எழுதினேன். முதலில் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், எடுத்த எடுப்பில் குறைகேள் அதிகாரியிடம் போக ஏலாது. ஏழு மாதம் 'பரிசீலனையில்' கிடந்த கிளெய்ம் 16 நாளில் எழும்பிவிட்டது.

அந்த இரண்டு ஊசி? அவற்றின் கிளெய்ம் காலம் தாண்டிவிட்டதாம். தாண்டியது எப்போது? அந்த ஒற்றை 'எச்'சுக்காக நான் சத்தியக்கடதாசியோடு அலைந்த நாட்களில். முதலில் கொடுத்த விண்ணப்பத்தின் 'கிடைத்தது' முத்திரை போட்ட கொப்பியை நான் வாங்கி வைக்கவில்லை. அதன் பிறகு எதைக் கொடுத்தாலும் கொப்பியில் முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகர்வதில்லை.

குறைகேள் அதிகாரிக்குக் கடிதம் நேற்றுப் போய்விட்டது, பதிவுத் தபாலில். துண்டை பைலின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பெயரில் 'எச்' இருக்கிறதா என்று தபால் கந்தோரிலேயே இரண்டு முறை பார்த்தேன்.